டாக்டரைக் குளிப்பாட்டியது யார், அக்கா?

என் உயிரில் பாதியான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. இந்த ஐந்து மாதத்தில் உங்களை நினைத்து அழுதிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கதவில் தொங்கும் பூட்டைப் பார்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறேன். ஆனால் உங்கள் மேல் கோபம் வந்தது போன மாதம்தான். கோபம் என்று எழுதிவிட்டு அடிக்கிறேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளிடம் "சரியான சொல்லாப் பாத்து எழுதுங்க கண்ணுகளா" என்று சொன்னவள் நான். சரியான சொல் பொறாமை.

பழனியம்மாள் மேல் பொறாமை. நம் டாக்டர் மேலும் பொறாமை. அத்தனைக்கும் காரணம் ஒரு குளியல்.

இந்தக் கடிதத்தை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் நடத்தும் சின்ன இதழுக்கு அனுப்பப் போகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆரம்பிச்சிட்டா டீச்சர், இனி உதாரணமா வந்து விழும்" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள்.

நீங்கள் திண்டுக்கல் பக்கம், கிராம செவிலியர். நான் ராசிபுரம், தொடக்கப் பள்ளி ஆசிரியை. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் வேலை என்று உத்தரவு வந்தபோது, ஒரே வருஷத்தில் கீழே மாற்றல் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஒரே கட்டிடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகள். ஒன்றில் நீங்கள், ஒன்றில் நான். இருபத்திரண்டு வருஷம். ஓய்வு பெற்ற பிறகும் இருவருமே மலையை விட்டு இறங்கவில்லை. நான் இருப்பதால் நீங்கள் இருந்தீர்கள், நீங்கள் இருப்பதால் நான் இருந்தேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்பது உங்கள் பூனை. நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலத்தில், நனைந்து நடுங்கி உங்கள் மருந்துப் பைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்ட வெள்ளைக் குட்டி. என்ன பேர் வைக்கலாம் என்று நான் கேட்டேன். "வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்காரு. கூப்பிட்டா வர மாட்டாரு. வந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பாக்குறாரு. வேற என்ன பேரு வைக்க?" என்றீர்கள். அன்றிலிருந்து அவர் டாக்டர். அவருக்கு மரியாதைப் பன்மை. எனக்கு மட்டும் "ஏய் கமலம்."

நமக்குள் நடந்த ஒரே சண்டை இந்த டாக்டரைக் குளிப்பாட்டலாமா கூடாதா என்பதுதான். நான் சுத்தம் சுகாதாரம் பாடம் நடத்தியவள். உதாரணத்துக்கு, என் வகுப்பில் ஒரு பிள்ளை குளிக்காமல் வந்தால் வாய்க்காலில் முகம் கை கால் கழுவ வைத்துத்தான் உள்ளே விடுவேன். அப்படிப்பட்டவள், மண்ணில் புரண்டுவிட்டு வந்து என் பாயில் படுக்கிற பூனையை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"அதுக்கு ஒரு தண்ணி ஊத்துங்கக்கா."

"அவரு நாள்பூரா குளிச்சுக்கிட்டேதான் இருக்காரு. நாக்கத் தொட்டுப் பாரு, சீப்பு மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். அதுதான் அவருக்குச் சோப்பு, துண்டு எல்லாம். நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிற?"

"ஒரு தடவ."

"அவரு பத்துத் தடவை. இப்பச் சொல்லு, இந்த ஊட்டுல யாரு அழுக்கு?"

திண்டுக்கல்காரர் நீங்கள் வீட்டை எங்கள் பக்கத்துப் பேச்சில் "ஊடு" என்று சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சண்டை அங்கேயே முடிந்துவிடும். மேலே பசையோ எண்ணெயோ விஷமோ பட்டால் ஒழிய பூனைக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது உங்கள் சட்டம். பட்டால் எப்படிக் குளிப்பாட்டுவது என்று நான் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் மட்டும் டாக்டரை ஒரு மூங்கில் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பழனியம்மாள் வீட்டுக்குப் போவீர்கள். நம் வீட்டுக்குக் கீழே, சரிவில் பத்து நிமிஷ நடை. மிளகும் மரவள்ளியும் போடுகிற பழனியம்மாளின் இரண்டு பிள்ளைகளும் உங்கள் கையில் பிறந்தவர்கள். "டாக்டருக்கு அவ வீட்டுக் கருவாடுன்னா உசுரு" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். நான் பின்வாசலில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவிலிருந்து உங்கள் இரண்டு பேரின் சிரிப்பும் மேலே ஏறி வரும். என்னோடு இருக்கும்போது நீங்கள் அப்படிச் சிரித்ததில்லை அக்கா. என்னோடு இருக்கும்போது புன்னகைப்பீர்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். துணியை இன்னும் இரண்டு அடி கூடுதலாக அடித்துத் துவைப்பேன்.

என்னையும் கூப்பிட்டிருக்கலாம். ஒரு சனிக்கிழமை கூட நீங்கள் கூப்பிடவில்லை.

தை மாதப் பனியில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பார்த்து, "டாக்டருக்குச் சோறு வச்சிரு கமலம்" என்றீர்கள். சரிங்கக்கா என்றேன். அதற்குள் பழனியம்மாள் ஓடி வந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, அவள் காதில் என்னமோ சொன்னீர்கள். அவள் தலையை ஆட்டினாள். கதவைச் சாத்திவிட்டார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, கீழே ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

எனக்குச் சத்தமாக ஒரு வேலை. அவளுக்கு ரகசியமாக ஒரு சொல். இதுதான் அந்த நாளிலிருந்து என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லில் உங்களை அடக்கம் செய்தபோது, உங்கள் அண்ணன் மகன் என்னைச் சொந்தக்காரர்களுக்கு "பக்கத்து வீட்டு டீச்சர்" என்று அறிமுகப்படுத்தினான். அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அது கூட என்னை அவ்வளவு சுடவில்லை.

அடுத்த சனிக்கிழமையே பழனியம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு துணி மூட்டை.

"ஏனுங்க டீச்சர், டாக்டரக் கொஞ்சம் கூட்டிட்டுப் போயிட்டு மத்தியானம் கொண்டாந்து உட்டர்றனுங்க."

"வேண்டாம் பழனியம்மா. அக்கா அவர என் பொறுப்புலதான் உட்டுட்டுப் போயிருக்காங்க."

"இல்லீங்க டீச்சர், அது வந்துங்க..."

"எனக்கு வேல இருக்குது." கதவைச் சாத்திவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். பிள்ளைகளிடம் முப்பத்தொரு வருஷம் பொறுமையைக் கடைப்பிடித்தவள் நான். அந்தப் பொறுமையெல்லாம் ஓய்வூதிய உத்தரவோடு முடிந்துபோய்விட்டது போல.

டாக்டர் என்னோடு இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சோறு சாப்பிடுவார், போய் உங்கள் பூட்டிய வாசற்படியில் படுத்துக்கொள்வார். என் மடியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எனக்கோ மூச்சு இளைப்பு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வந்தது. உங்களுக்குத் தெரியும், எனக்கு நாலைந்து வருஷமாகவே உண்டு. சாக்பீஸ் தூள் நெஞ்சில் தங்கிவிட்டது என்பேன். பனிக்காற்று என்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இன்ஹேலர் என்கிற அந்த உறிஞ்சு மருந்தை எடுத்து நீட்டுவீர்கள். நீங்கள் இல்லாததால்தான் இப்போது அதிகமாகிறது, துக்கம் நெஞ்சை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஆனி பிறந்தது. பழனியம்மாள் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். வருஷா வருஷம் உங்களுக்குக் கொண்டுவருவாள். அவளே அரிந்து சுளையாக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். "அரிஞ்சு தாரனுங்க டீச்சர்" என்றாள். "எனக்கும் கை இருக்குது" என்றேன். அவள் சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

கையில் எண்ணெய் தடவாமல் பலாவில் கத்தி வைக்கக் கூடாது என்று மலையில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவள் மேல் இருந்த வேகத்தில் மறந்துவிட்டேன். கை, கத்தி, புடவை எல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. பால் வழிந்த தண்டையும் தோலையும் ஒரு சாக்கில் சுருட்டி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் டாக்டர் அந்தச் சாக்கின் மேல் சுகமாகப் புரண்டுகொண்டிருக்கிறார். வயிறு, விலா, பின்னங்கால் எல்லாம் பலாப்பால். வெள்ளை முடி கொத்துக் கொத்தாக ஒட்டி, நாக்கால் நக்கி நக்கி, நாக்கிலும் ஒட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் பழனியம்மாள் கொண்டுவந்த பழத்தால் வந்த வினை என்றுதான் சொன்னேன். இங்கே உண்மையை எழுதிவிட்டேன்.

பலாப்பாலுக்கு எண்ணெய்தான் மருந்து. அது சரி. நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, ஒட்டின இடத்தில் மட்டும் தடவியிருந்தால் அதுவும் சரி. நான் தலை முதல் வால் வரை தேய்த்தேன். தேய்த்த பிறகு எண்ணெய் வழிகிற பூனையை என்ன செய்வது? நக்கினால் வயிற்றில் போகுமே. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது அக்கா.

இருபத்திரண்டு வருஷம் நீங்கள் இந்த மலையில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டியதைப் பார்த்திருக்கிறேன். பலகையில் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகி, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, தண்ணீரை முதலில் உங்கள் முட்டியில் ஊற்றிச் சூடு பார்த்து. நான் பிள்ளை பெற்றவள் இல்லை. அந்தக் காட்சியை எத்தனை தடவை ஆசையோடு பார்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா இப்படித்தானே செய்வார், பழனியம்மாளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம்.

பின்வாசலில் பலகை போட்டேன். காலை நீட்டினேன். சுடுதண்ணீர், சீயக்காய்க் கரைசல், துவட்டத் துண்டு. ஒன்று விடவில்லை, குளித்ததும் காட்டச் சாம்பிராணித் தணல் கூடத் தயாராக இருந்தது. டாக்டரைக் காலில் குப்புறப் போட்டேன்.

முதல் சொம்பு வரை ஏதோ மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டார். எண்ணெயில் என் கால் வழுக்கியது. அவர் சறுக்கினார். சறுக்கினவர் பிடிமானத்துக்கு எதைப் பிடிப்பார்? என் முழங்காலைப் பிடித்தார், பத்து நகமும் போட்டு. நான் அலறினேன். அலறின வேகத்தில் சீயக்காய் அவர் கண்ணில் பட்டது. தணல் சட்டியைத் தட்டிவிட்டு, புகைக்குள்ளேயே ஒரு பாய்ச்சல். வேலியைத் தாண்டி மிளகுத் தோட்டத்துக்குள் போய் மறைந்துவிட்டார்.

மூன்று நாள் வரவில்லை.

உங்கள் வாசற்படியில் சோறு வைத்தேன், எறும்பு தின்றது. மரத்துக்கு மரம் போய்க் கூப்பிட்டேன். இரண்டாம் நாள் ரோட்டோரம் நின்று "டாக்டர், டாக்டர்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். வந்த பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் குதித்து ஓடி வந்து, "யாருக்குங்க டீச்சர் முடியல? ஏத்துங்க, போலாம்" என்றார். பூனையைத் தேடுகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இப்பப் பரவாயில்லீங்க" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என் முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நீங்கள் என்னிடம் கேட்ட கடைசி வேலை ஒரு பூனைக்குச் சோறு வைப்பது. அதைக் கூடச் செய்ய முடியாதவளாகிவிட்டேன் என்று அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். கண்ணில் சீயக்காயோடு எங்கே கிடக்கிறாரோ, அந்தப் பாலையும் எண்ணெயையும் நக்கி என்ன ஆனாரோ. எல்லா இடமும் தேடிவிட்டேன், ஓர் இடம் தவிர. அந்த ஓர் இடத்துக்குப் போகக் கால் வரவில்லை. மூன்றாம் நாள் போனேன்.

பழனியம்மாள் வீட்டு அடுப்படியில், முறத்தில் விரித்த பழைய துணி மேல், டாக்டர் படுத்திருந்தார். பாலும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெள்ளை வெளேரென்று, அப்போதுதான் சலவை செய்த கோட்டுப் போல. என்னைப் பார்த்ததும் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்ததை என்னவென்று எழுதுவேன்? உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோஷம் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளிடம் வந்திருக்கிறாரே என்பதுதான் முதலில் வந்தது.

"ஏம் பழனியம்மா, இங்கதான் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

"சொன்னா வந்து தூக்கிட்டுப் போயி மறுக்காக் குளிப்பாட்டிருவீங்கன்னு பயந்துட்டனுங்க டீச்சர்." அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பயந்திருந்தாள். "கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் இருந்துச்சுங்க. ஆறுன தண்ணியத் துணியில நனச்சுத் தொடச்சுத் தொடச்சுத்தான் சரியாச்சு."

"எண்ணெய் எப்படிப் போச்சு?"

"மொதல்ல கடலமாவத் தூவி ஊற உட்டு, எண்ணையெல்லாம் மாவு குடிச்சதும் தட்டி உட்டனுங்க. ஒட்டிக்கெடந்த முடிய மட்டும் கத்திரியில வெட்டிட்டேன். அப்புறந்தான் தண்ணி. இதுலதானுங்க."

மூலையைக் காட்டினாள். அகலமான எவர்சில்வர் அன்னக்கூடை. அடியில் ஒரு சாக்குத் துண்டு போட்டிருந்தது. "கால் வழுக்குனாத்தானுங்க அது பயப்படும். சாக்கு இருந்தா நகத்துல பிடிச்சுக்கிட்டு நின்னுக்கும். வயிறு நனையற அளவுக்குத்தான் தண்ணி இருக்கோணும். தலைல ஊத்தவே கூடாது. மொகத்துக்கு ஈரத்துணி போதும். பச்சப் புள்ளைக்குப் போடற சோப்பு ஒரு துளி, அதையும் மிச்சமில்லாமக் கழுவிறோணும். அக்கா சொன்னதுதானுங்க எல்லாம்."

அக்கா சொன்னது. யாரிடம்?

நான் அந்த அன்னக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. க. கமலம். அந்த எழுத்தில் "ம்" மேல் புள்ளி ரெண்டாக விழுந்திருக்கும். கடைக்காரரிடம் அதற்காக நான் வாதாடியதும் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இரவல் வாங்கினது. கேட்டபோதெல்லாம், "எங்க வச்சேன்னே தெரியல கமலம், யாராவது எடுத்துட்டாங்களோ என்னமோ" என்றீர்கள்.

என் பாத்திரம், உங்கள் பூனை, உங்கள் கைப்பக்குவம், உங்கள் சிரிப்பு. நாலும் ஒரே வீட்டில். அது என் வீடு இல்லை.

"அப்ப அக்கா பூனையக் குளிப்பாட்டுவாங்களா? என்கிட்டக் கூடவே கூடாதுன்னு சொல்லிட்டு, இங்க வந்து வாரா வாரம் குளிப்பாட்டுனாங்களா?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"குளிப்பாட்ட மாட்டாங்க டீச்சர். எப்பவாச்சும்தான் அது. வாரா வாரம் ஈரத்துணியில உடம்பு பூராத் தொடச்சு, சீப்புப் போட்டு, உதிர முடியெல்லாம் எடுப்பாங்க. ஒரு முடி உடாம."

"எதுக்கு?"

அவள் கையைப் பின்னால் விட்டு டாக்டரைத் தடவினாள். எனக்கு அதற்குள் மூச்சு இளைக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. மருந்து வைத்த பை வீட்டில் இருக்கிறது. பழனியம்மாள் எழுந்து, உறியிலிருந்த ஒரு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். என் உறிஞ்சு மருந்து. நான் பயன்படுத்துகிற அதே நிறம், அதே மருந்து.

"அக்கா வாங்கி வச்சதுங்க. நீங்க என்னைக்காச்சும் இங்க வந்தா வேணும்னு."

உறிஞ்சிவிட்டு உட்கார்ந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்குப் பூன முடிதானுங்க ஆகறதில்ல. அக்கா நாலு வருஷத்துக்கு முன்னாலயே கண்டுபுடிச்சுட்டாங்க. 'சொன்னேன்னு வையி, டாக்டர எங்கியாச்சும் உட்டுட்டு வாங்கம்பா. மாட்டேன்னா என் ஊட்டுப் பக்கமே வர மாட்டா. எனக்கு ரெண்டு பேரும் வேணும் பழனி'ன்னாங்க. அவங்க ஊட்டுல தொடச்சா உங்க பக்கம் முடி பறக்குமேன்னுதான் இங்கன தூக்கியாந்தாங்க. ஞாயித்துக்கெழம உங்க கூட டீ குடிக்கறப்ப டாக்டரும் கூட இருக்கோணும், உங்களுக்கும் மூச்சு இளைக்கக் கூடாது. அதுக்குத்தானுங்க சனிக்கெழம."

அக்கா, நான் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள். கவனி, ஒப்பிடு, முடிவு சொல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஞாயிற்றுக்கிழமை டீயின்போது எனக்கு ஒரு நாளும் இளைத்ததில்லை. முடி மறுபடி சேர்கிற வியாழன் வெள்ளியில்தான் வரும். அத்தனை வருஷம் என் மூச்சிலேயே பாடம் நடந்திருக்கிறது, நான் சாக்பீஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஆம்புலன்சுல ஏத்தறப்ப உன் காதுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். நாலு மாதமாக என்னைத் தின்ற கேள்வி.

"சனிக்கெழம மறந்துறாத பழனின்னாங்க. வேற ஒன்னுமில்லீங்க."

"அத ஏன் என்கிட்ட நீ சொல்லல?"

"நீங்க கதவத் தெறந்தாத்தானுங்களே டீச்சர் சொல்றது."

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஓங்கி ஓர் அறை விட்டது போல இருந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்க இளைத்தது. அவள் மறுபடி மருந்தை நீட்டினாள். சரிவுக்கு மேலே, நம் பின்வாசலுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்பதற்கு அங்கே ஆள்தான் இல்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால்? அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, நானா பூனையா என்று கேட்டிருப்பேன். என்னை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்காகச் செய்ததை என்னிடம் சொல்லாமல் அவளிடம் போய்ச் சொன்னீர்களே. என் மேல் வைத்த பிரியத்தைக் கூட அவள் வீட்டில்தானே வைத்துவிட்டுப் போனீர்கள். அவள் நாலு வருஷம் அதைக் கையில் வைத்திருந்தாள். எனக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. இந்தக் கணக்கை எங்கே போய்ச் சொல்ல?

செய்தி சொல்கிறேன், கேளுங்கள். அன்றைக்கு டாக்டரைக் கூடையில் வைத்துத் தூக்கி வந்தேன். மறுநாள் காலையில் அவர் திரும்பிப் பழனியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார். என் கால்களைப் பார்த்தாலே அவருக்கு அந்தப் பலகை ஞாபகம் வருகிறது போலிருக்கிறது. அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் பழனியம்மாள். வேண்டாம் என்றேன். நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். நான்தான் அது இருக்கும் இடத்துக்குப் போகிறேன்.

நாலு சனிக்கிழமை ஆயிற்று. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, முதலில் மருந்தை உறிஞ்சிக்கொண்டு உட்காருகிறேன். முதல் வாரம் அவள் துடைத்தாள், நான் எட்ட இருந்து பார்த்தேன். இரண்டாம் வாரம் சீப்பைக் கழுவிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம், "நீங்க தொடைங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றாள். "நீ தொடை, நான் புடிக்கறேன்" என்றேன். பிடிப்பது என்றால் அவர் என் மடியில் இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது, துணியை எடுத்துக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் முதல்தடவையாக டாக்டர் என் மடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். பழனியம்மாள் காதுக்குப் பின்னால் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பித்தான் மூடிக்கொண்டார். பரவாயில்லை.

நேற்று, துடைத்து முடித்ததும் நான் சரிவு ஏறி வந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வருகிறார். இன்று ஞாயிறு. இதை எழுதும்போது ஜன்னலில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். டீ இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன், பழக்கத்தில். எனக்கு மூச்சு சீராக இருக்கிறது. நாளைக்கோ மறுநாளோ கருவாட்டு வாசனை மேலே வரும், அவர் போய்விடுவார் என்று தெரியும். இனி வாரத்தில் இரண்டு நாள் எனக்கு, ஐந்து நாள் அவளுக்கு என்று ஆகும். பழனியம்மாளிடம் இதைச் சொல்லி அழுதால், "மூச்சுக்கு அதுவே அதிகமுங்க டீச்சர்" என்பாள்.

ஒன்று சத்தியம் செய்து தருகிறேன் அக்கா. டாக்டர் இருக்கிற வரைக்கும் ஒரு சனிக்கிழமை கூடத் தவற மாட்டேன். பலகை போட்டுக் காலை நீட்ட மாட்டேன். பழனியம்மாள் வந்தால் கதவு திறந்திருக்கும். பொறாமையை மட்டும் விடுவதாக வாக்குத் தர முடியாது. அது போய்விட்டால் உங்களைப் பற்றிப் பேச எனக்கு அவளிடம் என்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று. வயதில் பழனியம்மாளை விட நான் பத்து வருஷம் மூத்தவள். அதனால் உங்களிடம் முதலில் வந்து சேரப் போவது நான்தான். அவள் வருகிற வரைக்கும், அந்தப் பத்து வருஷமும், நீங்கள் என்னோடுதான் சிரிக்க வேண்டும். புன்னகை போதாது.

நடுச்சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் பொறாமைக்காரத் தங்கச்சி
கமலம்